சுவரில் ஏறிய ஒரே கோடு

போன மாதம் மலாக்காவில், புக்கிட் பாரு மண்டபத்தில், நம் வகுப்புக்காரியின் பேத்தி கல்யாணத்தில், நாம் ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். பாயசம் வந்த நேரத்தில் உங்களில் ஒருவர் பழைய கதையை எடுத்தார். "ஜப்பான்காரன் காலத்துல எங்க வாத்தியாரு இருந்தாரே, இவ அப்பாவையே காட்டிக் குடுத்தவரு" என்று என்னைக் காட்டி, பக்கத்து நாற்காலியில் இருந்த சின்னப் பெண்ணிடம் சொன்னார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிவிட்டு இன்னும் ஒரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பாயசம் நெஞ்சிலேயே நிற்கிறது. நேரில் சொல்லலாம் என்றால் உங்களில் மூன்று பேருக்குக் காது சரியில்லை, ஒருவருக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படியுங்கள். பாதியில் எழுந்து போய் யாருக்கும் போன் போட வேண்டாம்.

காஜா பெராங்கில் நம் பள்ளி ஒரே நீளக் கொட்டகை. அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவுச் சுவர், மழை வந்தால் எல்லா வகுப்பும் நடுவில் வந்து ஒண்டிக்கொள்ளும். மூன்றாம் வகுப்புக்கு மட்டும் ஒரு முழுச் சுவர் வாய்த்திருந்தது, ஏனென்றால் அதற்குப் பின்னால்தான் சாமான் அறை. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். இந்தக் கதை முழுவதும் அந்தச் சுவரில்தான் நடந்தது.

ஜப்பான்காரன் வந்து முதலில் மாற்றியது கடிகாரத்தை. தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும் மணி. சூரியனுக்கு அது தெரியாது. நாம் பள்ளிக்குக் கிளம்பும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். ஒருவர் பின்னால் ஒருவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போவோம். போய்ச் சேர்ந்ததும் கிழக்கே திரும்பி வணக்கம், பொருள் தெரியாத ஒரு பாட்டு, கையைக் காலை வீசி உடற்பயிற்சி. அது முடிவதற்குள் யாராவது ஒருத்தி மயங்கி விழுவாள். விழுந்தவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் தொடர்வோம். முதல் சில தடவைதான் பயமாக இருந்தது, பிறகு அதுவும் உடற்பயிற்சியில் சேர்ந்துவிட்டது.

பெயர் கூப்பிடுவதும் நின்று போயிற்று. எல்லோருக்கும் ஜப்பான் மொழியில் எண். நான் ஜூயிச்சி, பதினொன்று. வீட்டில் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடச் சில நாள் வாயில் "ஹாய்" என்று ஜப்பான் மொழி 'ஆமாம்'தான் வந்துவிடும்.

வாத்தியாரை நினைவிருக்கிறதல்லவா? ஒல்லி உடம்பு, ஒரு பக்கம் விரிசல் விட்ட மூக்குக் கண்ணாடி, தோளில் எப்போதும் வெள்ளைத் துண்டு. தனி ஆள். பள்ளியை ஒட்டின அறையிலேயே குடியிருந்தார். கர்வம் பிடித்தவர், அதை நான் மறைக்கப் போவதில்லை. தன்னைப் போலப் பாடம் நடத்த மலாக்காவில் ஆளில்லை என்பது அவர் எண்ணம். ஆனால் புத்தகமே இல்லாமல் நாள் முழுக்க நம்மை உட்காரவைத்தாரே, அதற்கு ஒரு திறமை வேண்டும். சாக்கட்டி கிடைக்காமல் போனபோது மரவள்ளி மாவையும் சுண்ணாம்பையும் பிசைந்து வெயிலில் காயவைத்துக் குச்சி செய்தார். அதில் பாதியை நாம் தின்றோம். நாக்கு பொத்துப்போய் ஒரு வாரம் யாரும் பாட்டுப் பாடவில்லை.

அவர் ஏற்பாடு செய்ததுதான் 'மூன்றாம் வகுப்புச் செய்தி'. வாரக் கடைசியில் வகுப்பு என்னென்ன செய்தது, என்ன கற்றது என்று கரும்பலகையில் எழுத வேண்டும். இந்த வாரம் எட்டாம் வாய்ப்பாடு முடித்தோம். கொல்லையில் இருபது மரவள்ளிக் குச்சி நட்டோம். ஜப்பான் மொழியில் பூ, மரம், மலை கற்றோம். மாதக் கடைசியில் வாத்தியார் அவற்றை ஒரு தாளில் எழுதிக் கல்வி அதிகாரிக்கு அனுப்புவார். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் பலகையில் எழுதும் வேலை எனக்கு. அந்தப் பெருமையில் நான் தரையில் கால் பாவாமல் நடந்தது உங்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம்தான் அவருக்கு எடைப் பாடம் தோன்றியது. இப்போது லிட்டில் இந்தியா என்கிறார்களே, அந்த ஜாலான் பெண்டஹாராவில் மசாலைக் கடை வைத்திருந்த பாய், விற்கச் சாமான் இல்லாமல் கடையைப் பூட்டிவிட்டார். அவரிடமிருந்து டாச்சிங்கை இரவல் வாங்கி வந்தார் வாத்தியார். மூட்டை நிறுக்கும் அந்த நீளக்கோல் தராசைக் குறுக்கு விட்டத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். கொக்கியில் ஒரு சாக்கு. சாக்குக்குள் நாம். காலைத் தூக்கிக்கொண்டு ஊசலாடுவோம். கோலில் வெட்டியிருக்கும் கோடுகள் மேல் அவர் கல்லை நகர்த்தி நகர்த்தி, கோல் நேராக நின்றதும் "முப்பத்தாறு காட்டி" என்று கூவுவார், இந்தக் காலக் கணக்கில் ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோ. அந்தச் சாக்கில் கொத்தமல்லி வாசனை அடித்தது. நமக்குள் முதலில் யார் ஏறுவது என்று சண்டை. எடை பார்ப்பதற்காக அல்ல, மோந்து பார்ப்பதற்காக.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை நிறுவை. அன்றே சுவரில் பதிவு. கீழே நம் எண்கள், பக்கவாட்டில் காட்டிக் கணக்கு. கரித்துண்டால் புள்ளி வைத்து, செங்கல் துண்டால் கோடு இழுப்பார். இரண்டாம் மாதமே கோடுகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. மூன்றாம் மாதம் சுவர் முழுக்க இறக்கம்தான். அவர் பிரம்பால் தொட்டுக் காட்டுவார். "நல்லாப் பாருங்க. இந்தக் கோட்டைப் பாத்தா ஒரு புள்ளையோட வீடே தெரியும்." நமக்கு அது வித்தையாகப் பட்டது. சுவரைப் பார்த்து வீடு கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றுகூட விளையாடினோம்.

ஆறாம் எண்காரியை நினைத்துக்கொள்ளுங்கள். பலகாரம் சுட்டு விற்றவரின் மகள், சிரித்தால் ஈறு தெரியும். அவள் கோடு மற்றவர்களுடையதைவிடச் செங்குத்தாக இறங்கியது. நான்காம் மாதம் அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், கொய்னா மாத்திரை கிடைக்கவில்லை என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் அவள் கோட்டை அழிக்கவில்லை. அது நின்ற இடத்தில் நின்றது. பாடம் படிக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் வாத்தியார் அம்மாக்களைக் கூப்பிட்டார். அதிகம் இறங்கிய ஐந்து பேருடைய அம்மாக்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. வெளியே உடுத்த அவளுக்கு இருந்தது ஒரே சேலை. கிழிசலை முந்தானைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாத்தியார் என் கோட்டைப் பிரம்பால் தொட்டார். "முப்பத்தாறுல இருந்து முப்பத்துமூணரை. கார்டுக்கு அரிசி வாங்குறீங்கல்ல? அது எங்க போவுது?"

"புள்ளைக்குத்தான் போடறேன், வாத்தியாரையா" என்றாள் அம்மா. "நாங்க ரெண்டு பேரும் ஊபிதான் திங்கிறோம்." மரவள்ளியை நாம் ஊபி என்றுதானே சொல்வோம்.

"அப்ப கோடு ஏன் எறங்குது? அரிசிய வித்துத் துணி வாங்குறீங்களா?"

யாரோ ஒருத்தி அப்படிச் செய்தது உண்மைதான், ஊருக்கே தெரியும். அதனால் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அம்மா மடித்துப் பிடித்திருந்த முந்தானை கையிலிருந்து நழுவி, கிழிசல் வெளியே தெரிந்தது. யாரோ சிரித்தீர்கள். யார் என்று எனக்கு இன்றும் தெரியும், எழுதமாட்டேன். அன்று வீட்டில் அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, நான் ஒவ்வொரு வாயாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இனி அவள் அந்தச் சுவர் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று நான் அன்று முடிவு செய்தேன். அவ்வளவுதான் என் நோக்கம். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அப்பா மாட்டு வண்டிக்காரர். குருபோங் பக்கம் அப்போது வெறும் மலாய்க்காரர் கம்பத்து வீடுகளும் காடும்தான். அங்கிருந்து விறகும் மரவள்ளியும் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவருவார். அவரிடம் பழைய கடையாணி இரண்டு இருந்தன. வண்டிச் சக்கரம் கழன்று போகாமல் அச்சின் நுனியில் செருகுவார்களே, அந்த இரும்பு ஆணி. ஒரு சாண் நீளம், கட்டைவிரலைவிடத் தடிமன். போருக்கென்று வீடு வீடாக இரும்பு கேட்டு வந்தவர்கள் கண்ணில் படாமல் அவற்றை வைக்கோலுக்குள் சொருகி வைத்திருந்தார். புது ஆணி கிடைக்காத காலம், வண்டியில் இருப்பது முறிந்தால் வேண்டுமே என்று.

அடுத்த நிறுவையன்று ஒரு கடையாணியை எடுத்துத் துணி சுற்றி, பாவாடைக்குள் இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டேன். இருட்டில் நடக்கும்போது இரும்பு தொடையில் பட்டுப் பட்டுச் சில்லிட்டது. சாக்கில் ஏறி உட்கார்ந்ததும் வாத்தியார் கல்லை நகர்த்தினார். "முப்பத்துநாலே கால்" என்றார், பிறகு ஒருமுறை சரி பார்த்தார். என்னைப் பார்த்து அவர் சிரித்தது அன்றுதான். அடுத்த மாதம் இரண்டையும் கட்டினேன். முப்பத்தைந்து.

சுவர் முழுக்க இறங்கும் கோடுகள். நடுவில் என் கோடு மட்டும் இரண்டு படி ஏறி நின்றது. வகுப்புச் செய்தியில் வாத்தியார் சொல்லச் சொல்ல நானே என் கையால் எழுதினேன்: 'பதினோராம் எண் மாணவி ஒருத்தியே தொடர்ந்து எடை கூடி முப்பத்தைந்து காட்டி ஆகியுள்ளாள்.' எழுதிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று, எழுத்து நேராக வந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

மாதக் கடைசி வரை காத்திருக்காமல், அந்த வாரமே வாத்தியார் அந்தச் செய்தியை அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்து அதிகாரி வந்தார்.

சின்ன வயது அதிகாரி. பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார், அது நமக்கெல்லாம் பிடித்துப் போயிற்று. கூட மலாய் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர். வாத்தியார் குனிந்து குனிந்து வணங்கினார். ஒவ்வொரு கோடாகக் காட்டி, பிள்ளைகள் எப்படி இளைக்கிறார்கள் என்று மலாயில் விளக்கினார். ஆறாம் எண்ணிடம் வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. அதிகாரி தலையாட்டிக்கொண்டே விரலால் கோடுகளைத் தடவிக்கொண்டு வந்தார். விரல் இறங்கியது, இறங்கியது, இறங்கியது. என் எண்ணில் வந்து மேலே ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது.

வாத்தியார் மற்றக் கோடுகளைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். அதிகாரி விரலை எடுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் "ஜூயிச்சி" என்று கூப்பிட்டார். நான் எழுந்து "ஹாய்" என்றேன். வீட்டில் என்ன சாப்பிடுகிறாய் என்று மலாயில் கேட்டார்.

ஊபி என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். ஆனால் உடல்நலப் பாடத்தில் அதே கேள்விக்கு நாம் மனப்பாடம் செய்த பதில் ஒன்று இருந்தது. வாத்தியார் பெருமைப்படட்டும் என்று அதை அப்படியே மலாயில் ஒப்பித்தேன். சோறு, பருப்பு, கீரை, பால். பாலை நான் அந்த வருஷம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வாத்தியார் முகத்தைப் பார்த்தேன். பெருமை இல்லை. வாய் பாதி திறந்தபடி இருந்தது.

இவள் யார் வீட்டுப் பிள்ளை என்று அடுத்த கேள்வி. அதை வாத்தியாரிடம்தான் கேட்டார்கள். வாத்தியார், "பதிவேட்டைப் பார்க்க வேண்டும், துவான், உள்ளே இருக்கிறது" என்று மெதுவாகச் சொல்லி, அந்தப் பக்கம் திரும்பினார். பதிவேடு அவர் மேசைமேல்தான் இருந்தது. கேள்வி கேட்டால் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கப்பட்ட வகுப்பு அல்லவா நம்முடையது? நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று சொன்னீர்கள், "கிரெத்தா லெம்பு, துவான்." மாட்டு வண்டிக்காரர் வீடு, ஐயா.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒன்பது வயது நமக்கு. ஆனால் சொன்னது நீங்கள். அவர் சொல்லவில்லை.

அதிகாரி சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு குலா மலாக்கா எடுத்து எனக்குக் கொடுத்தார். வெல்லம் கண்டு எத்தனை காலம் ஆகியிருந்தது. கொல்லைப் பக்கம் போய் நான் ஒரு நக்கு, நீங்கள் ஆளுக்கு ஒரு நக்கு. அதன் புகை வாசனையோடு கலந்த இனிப்பு இப்போதும் நாக்கில் வருகிறது. வரும்போதெல்லாம் எழுந்து போய் வாய் கொப்பளிக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் சிப்பாய்கள் அந்த மொழிபெயர்ப்பாளரோடு வீட்டுக்கு வந்தார்கள். நான் பள்ளியிலிருந்து வந்து தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். நீளக் கம்பியால் தரையைக் குத்தினார்கள். கூரையைக் குத்தினார்கள். வைக்கோலைப் பிரித்துப் போட்டார்கள். கடையாணிகள் நல்லவேளை அதில் இல்லை. எடுத்த இடத்தில் திருப்பி வைக்க அலுப்புப்பட்டு என் பாய்க்குக் கீழே வைத்திருந்தேன். அவர்கள் தேடியது அரிசி. குருபோங்கிலிருந்து வண்டியில் நெல் கடத்திக்கொண்டு வருகிறார் என்று அப்பா மேல் சந்தேகம். இல்லாவிட்டால் ஊரே இளைக்கும்போது வண்டிக்காரன் மகள் மட்டும் எப்படிக் கொழுப்பாள்?

கடைசியில் அடுப்பு மூலையில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சிரட்டை அரிசி கிடைத்தது. "பொங்கலுக்கு" என்றாள் அம்மா. "தெனம் ஒரு சிட்டிகை எடுத்து வச்சேன், துவான், பொங்கலுக்கு." மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. அப்பாவின் கையைப் பின்னால் கட்டி லாரியில் ஏற்றினார்கள். அவர் ஏறும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார்.

கடற்கரைப் பக்கம் ஒரு பங்களாவில் அவரை வைத்திருந்தார்கள். அம்மா தினமும் வேகவைத்த மரவள்ளியைத் தூக்குச் சட்டியில் எடுத்துப் போவாள். வாசலில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். "எவனோ காட்டிக் குடுத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வருவாள். நான் அந்த ஆறிய கிழங்கைத் தின்றேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நான்காம் நாள் அவள் தூக்குச் சட்டியோடு அப்பாவின் சட்டையையும் கொண்டுவந்தாள். வாசலில் அதை அவளிடம் எறிந்திருக்கிறார்கள். கிணற்றடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அதைத் துவைத்தாள். "அங்கேயே நில்லு பாப்பா, கிட்ட வராத" என்றாள். நீர் ஓடின பக்கம் நான் நின்றிருந்தேன். அதன் நிறத்தைப் பார்த்துவிட்டேன்.

பாய்க்குக் கீழிருந்து கடையாணிகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். பள்ளி விட்டிருந்தது. வாத்தியார் தனியாக உட்கார்ந்து அடுத்த மாதத்துக்குச் சுவரில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். பாவாடையைத் தூக்கி இடுப்புக் கயிற்றைக் காட்டினேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. "எத்தன மாசம்?" என்றார்.

"ரெண்டு மாசம், ஐயா."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அரிசி கேக்கத்தான் இதெல்லாம் எழுதுனேன். புள்ளைங்க எளைக்கிறதப் பாத்தா பள்ளிக்கூடத்துக்கு அரிசி குடுப்பாங்கன்னு." அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. என் ஒரு கோடு சுவரிலிருந்த மற்ற எல்லாக் கோடுகளையும் வீணாக்கியது என்று எனக்கு விளங்க இன்னும் பல வருஷம் ஆயிற்று.

பிறகு எழுந்தார். வாத்தியார் வாத்தியார்தான். முதலில் கடையாணிகளைச் சாக்கில் போட்டு நிறுத்தார். ரெண்டரைக் காட்டி. அடுத்து என்னை ஏறச் சொன்னார். காலைத் தூக்கிக்கொண்டேன். சாக்கில் அப்போது கொத்தமல்லி வாசனை போயிருந்தது, நம் வேர்வை வாசனைதான். கல்லை வெகு மெதுவாக நகர்த்தினார். "முப்பத்திரண்டரை" என்றார். கூவவில்லை.

தோளிலிருந்த வெள்ளைத் துண்டில் இரண்டு ஆணிகளையும் வைத்துச் சுருட்டி முடிந்தார். "நான் போய்ச் சொல்லிக்கிறேன். நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. நீ சொன்னா உங்கப்பா சொல்லிக் குடுத்துச் சொல்றேன்னு நெனப்பாங்க. நான் சொன்னா வாத்தியாரு நிறுத்தது தப்புன்னு போயிரும்."

"ஒங்கள அடிப்பாங்களா, ஐயா?"

"வீட்டுக்குப் போ" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் துண்டைத் தேடினார். துண்டு பொட்டலமாகிவிட்டதால் வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளியில் வாத்தியார் இல்லை. அன்று பின்னேரம் அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார். வலது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். மூன்று விரல் நகங்கள் இல்லை. அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஒரு வாரம் கழித்துப் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், உங்கள் அப்பா அம்மாக்கள், எல்லோரும் கூடியிருந்தார்கள். அப்பா சொன்னார்: "சொவத்துல எழுதி வச்சுக் காட்டிக் குடுத்தது அந்த வாத்தியான்தான். உள்ள வச்சு அதைத்தான் கேட்டானுங்க, ஒன் மவ எடை எப்படி ஏறுதுன்னு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். காலையில துண்டுல சுத்துன பொட்டலத்த எடுத்துக்கிட்டு வந்தான். நல்ல கனம், கையில தொங்குது. அதிகாரிக்குக் காணிக்கை. குனிஞ்சு கும்பிட்டுக்கிட்டே உள்ள போனான்."

"அப்பறம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அப்பறம் என்ன, அன்னிக்கு மத்தியானமே என்னை வெளிய விட்டானுங்க. எல்லாம் மாரியம்மா புண்ணியம்."

நான் கதவோரம் நின்றிருந்தேன். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் விரல்களைப் பார்த்தபடி, இது என்னால் என்று எப்படிச் சொல்வது?

வாத்தியார் திரும்பி வரவில்லை. அவர் அறையில் தண்ணீர் காய்ச்சும் ஒரு கேத்தல், ஒரு பாய், காய்ந்துகொண்டிருந்த எழுதுகுச்சிகள், அவ்வளவுதான் இருந்தன. காட்டிக் கொடுத்ததற்கு வடக்கே பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று ஊர் சொன்னது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் ஏற்றிப் போன லாரி ஒன்றில், கண்ணாடி இல்லாமல் அவரைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. புதிதாக வந்த வாத்தியார் முதல் வேலையாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஆறாம் எண்காரியின் கோடும் அதோடு போயிற்று. டாச்சிங்கைக் கேட்டு மசாலைக் கடை பாய் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். அதுவும் எங்கே போனதென்று தெரியவில்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த வருஷம், குருபோங் போகும் வழியில் அப்பாவின் வண்டிக் கடையாணி முறிந்தது. நானும் வண்டியில் இருந்தேன். இறங்கி வண்டிக்கு அடியிலிருந்த பெட்டியைத் துழாவினார். நகம் சரியாக முளைக்காத அந்த விரல்களால் ஒவ்வொரு சாமானாக எடுத்து வெளியே வைத்தார்.

"பழைய கடையாணி ரெண்டு வச்சிருந்தேனே. பாத்தியா, பாப்பா?"

"பாக்கலப்பா."

"அப்ப வீட்டைச் சோதன போட்ட பயலுவதான் எடுத்திருப்பானுங்க" என்றார். மரக்கிளை ஒன்றைப் பாராங் கத்தியால் வெட்டிச் சீவி, ஆணியாகச் செருகினார். வண்டி மெதுவாக நகர்ந்தது. வழியெல்லாம் அந்த வாத்தியாரைத் திட்டிக்கொண்டே வந்தார். சாகும் வரை திட்டினார். நான் ஒரு நாளும் தடுக்கவில்லை. முதலில் பயம். பயம் போன பிறகு வெட்கம். அப்பா போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அது எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது, கல்யாண மேசைகளில் நானும் தலையாட்டிப் பழகிவிட்டேன்.

உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பீர்கள். திருப்பிச் சொல்லுங்கள். அவர் தெரியாத்தனமாகச் சுவரில் எழுதினார். நம் அம்மாக்களை நிற்கவைத்துக் கேட்டார். அது தப்பு, அதையும் சொல்லுங்கள். ஆனால் அன்று காலையில் அந்த வெள்ளைத் துண்டில் அவர் கொண்டுபோனது காணிக்கை அல்ல.

வாத்தியார் போன அந்த வாரம் வகுப்புச் செய்தியை நான் எழுதவில்லை. பலகை காலியாகவே இருந்தது. இப்போது எழுதுகிறேன். வயசான கை, எழுத்து நேராக வராது.

மூன்றாம் வகுப்புச் செய்தி. பதினோராம் எண் மாணவியின் எடை முப்பத்தைந்து காட்டி என்று எழுதியது தவறு. சரியான எடை முப்பத்திரண்டரை. மீதி இரும்பு.